குளிரில் வளர்ந்த பிள்ளை

"அம்மா, மாவு எந்திரிச்சு வந்து தரையில ஓடுதும்மா!"

2025 ஏப்ரல், காலை ஆறு மணி. மகள் விருதுநகரில் தாத்தா வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டு போனில் கத்துகிறாள். முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்கு மாவாட்டி, பாத்திரம் நிறைய வழித்து வைத்து, மேலே துண்டைச் சுற்றி, அதுவும் போதாதென்று கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். அவள் அம்மா வீட்டுப் பழக்கம் அது. இங்கே காங்க்ரா பள்ளத்தாக்கில் ஜனவரியில் ஆட்டின மாவு பொங்க ஒன்றரை நாள் ஆகும். கம்பளி போர்த்தி, ரூம் ஹீட்டர் பக்கத்தில் உட்கார வைத்து, கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். டெல்லி, சண்டிகர் பக்கம் இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். அந்த வைத்தியத்தை ஏப்ரல் மாத விருதுநகரில் பண்ணினால் மாவு ஓடாமல் என்ன செய்யும்?

சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஏப்ரலுக்கே இப்படி என்றால் மே மாதம் எப்படி இருப்பாள் என்ற பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. இந்தப் பயத்துக்கு வயது 19. அதற்கு நானே அறிவியல் சாயம் பூசி வைத்திருந்தேன் என்பதுதான் இன்றைக்கு எழுத வந்த விஷயம்.

புதிதாக வருகிறவர்களுக்காக: நான் விருதுநகர்க்காரி. அப்பாவுக்கு எண்ணெய் வியாபாரம். பஜாரில் சின்னக் கடை. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், கூடவே கொஞ்சம் பருப்பு மூட்டைகள். நான் உயிர்வேதியியல் படித்தேன். வேலை இமாச்சலப் பிரதேசத்தில் கிடைத்தது. 1999இல் ரங்கமணியும் நானும் இங்கே வந்தபோது, "ரெண்டு வருஷம் பார்ப்போம், அப்புறம் தெற்கே மாத்திக்கலாம்" என்று பேச்சு. அந்த ரெண்டு வருஷம் இன்னும் முடியவில்லை :-) மகள் 2003இல் இங்கேயே பிறந்தாள். ஜன்னலைத் திறந்தால் தவுலாதார் மலையும் தேயிலைத் தோட்டமும் தெரியும். வெயில் 30 டிகிரியைத் தாண்டினால் தெருவே "பஹுத் கர்மி" என்று புலம்பும். எனக்குச் சிரிப்பாக வரும்.

நான் பிடுங்குகிற ஆணி என்னவென்றால், பனிக்குப் பக்கத்து மண்ணிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, அது சுரக்கிற என்சைம்களைப் பார்ப்பது. தமிழில் நொதி. சோற்றை வாயில் வைத்து ரொம்ப நேரம் மென்றால் இனிக்கிறதே, அது எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதியின் வேலை. மாவுச்சத்தை வெட்டி வெட்டிச் சர்க்கரையாக்கும். உயிருள்ள எதற்குள்ளும் ஒவ்வொரு வேலைக்கும் இப்படி ஒரு நொதி உண்டு.

நமக்கு உள்ளே எப்போதும் 37 டிகிரி. நம் நொதிகள் அந்தச் சூட்டுக்குப் பழகியவை. அதே நொதியை எடுத்து ஐஸ் தண்ணீரில் போட்டால் வேகம் ஏறக்குறைய 20 மடங்கிலிருந்து 80 மடங்கு வரை குறைந்துவிடும். பாக்டீரியாவுக்கு உள்ளே ஹீட்டரும் கிடையாது, கம்பளியும் கிடையாது. பனித்தண்ணீர் 0 டிகிரி என்றால் அதுவும் 0 டிகிரிதான். ஆனாலும் சில வகைகள் அந்தத் தண்ணீரில் சாவகாசமாகச் சாப்பிட்டு, வளர்ந்து, பெருகுகின்றன. 1887இலேயே ஃபார்ஸ்டர் என்பவர் 0 டிகிரியில் பெருகும் பாக்டீரியாவைப் பற்றி எழுதிவிட்டார். பிறகு 1975இல் மொரீட்டா என்பவர் ஒரு கோடு போட்டார்: 15 டிகிரியிலோ அதற்குக் கீழேயோ நன்றாக வளர்ந்து, 20 டிகிரிக்கு மேல் வளரவே முடியாதது எதுவோ அதுதான் உண்மையான குளிர்விரும்பி. மொரீட்டா கணக்குப்படி நம் மார்கழி மாதப் பகல்கூட அதற்கு ஆகாது.

இனி கொஞ்சம் கொசுவர்த்திச் சுருள். 2006 மே.

பனிமலை மண்ணிலிருந்து எடுத்த ஒரு பாக்டீரியாவின் அமைலேஸை ஐந்து மாதம் பாடுபட்டுச் சுத்தம் செய்திருந்தேன். மொத்தமும் மூன்று சின்னக் குழாய்களில் அடங்கிவிட்டது. எத்தனை டிகிரியில் அதன் கட்டு அவிழ்கிறது என்று அளக்கும் கருவி அப்போது எங்களிடம் இல்லை. சென்னையில் தெரிந்த ஓர் ஆய்வகத்தில் இருந்தது. விடுமுறைக்கு ஊருக்குப் போகத்தானே போகிறோம், கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். எங்கள் சிற்றூரில் உலர்பனி கிடைக்காது. தெர்மாகோல் பெட்டியில் ஐஸை நிரப்பி, நடுவில் குழாய்களைச் செருகி, டேப் சுற்றினேன். பதான்கோட் வரை பஸ், அங்கிருந்து டெல்லி, டெல்லியில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். ஸ்லீப்பர் வகுப்பு. ரங்கமணிக்கு லீவு கிடைக்கவில்லை. நான், மூன்று வயது மகள், தெர்மாகோல் பெட்டி.

டெல்லியில் ஐஸ் மாற்றினேன். போபாலில் காலையில் ஒரு குளிர்பானக் கடைக்காரர் பாவம் பார்த்து அள்ளிக் கொடுத்தார். அடுத்தது நாக்பூரில் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்கு. நாக்பூர் வரும்போது உச்சிவேளை. மே மாதத்தில் 45 டிகிரியைத் தொடுகிற ஊர். அதைத் தாண்டியதும் வண்டி நடுக்காட்டில் நின்றுவிட்டது. காற்று இல்லை. ஜன்னல் கம்பியில் கை வைக்க முடியவில்லை. மகள் முதலில் அழுதாள், பிறகு அழுகையை நிறுத்திவிட்டாள். அழுகை நின்றதுதான் என்னைப் பயமுறுத்தியது. உடம்பு அனலாகக் கொதித்தது, உதடு காய்ந்து வெடித்திருந்தது. எதிர் சீட்டில் இருந்த தெலுங்கு அம்மா உப்பும் சர்க்கரையும் தண்ணீரில் கலக்கி ஸ்பூனால் ஊட்ட ஆரம்பித்தார். "ஐஸ் இருக்கா?" என்று ஜாடையில் கேட்டார்.

இருந்தது. டேப்பைக் கிழித்து, ஐஸ் மொத்தத்தையும் ஒரு துண்டில் கொட்டி, மகளின் கழுத்திலும் அக்குளிலும் வைத்தேன். குழாய்கள் பெட்டியில் தண்ணீரில் மிதந்தன. இன்றைக்கு யாராவது கேட்டால் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை என்றுதான் சொல்வேன். உண்மை என்னவென்றால், ஒரே ஒரு நொடி அந்தக் குழாய்களைப் பார்த்தேன். அந்த நொடி இப்போதும் உறுத்தும்.

விஜயவாடா வரும்போது மகள் தண்ணீர் கேட்டாள். சென்னையில் குழாய்களைக் கொடுத்தேன். கருவி தட்டையாக ஒரு கோடு போட்டது. அவிழ்வதற்கு எதுவும் மிச்சமில்லை, ரயிலிலேயே எல்லாம் அவிழ்ந்துவிட்டது. விருதுநகர் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் மகள் மறுபடி துவண்டாள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் டிரிப்ஸ்.

அவள் தேறி வீட்டுக்கு வந்த சாயங்காலம், என் முகத்தைப் பார்த்த அப்பா, "அப்படி என்னத்தத்தான் கொண்டுட்டு வந்த, காட்டு பாப்போம்" என்றார். ஒரு குழாய் மிச்சம் இருந்தது. மெடிக்கல் ஷாப்பில் டிங்சர் அயோடின் வாங்கி வரச் சொன்னேன். வடித்த கஞ்சியை நன்றாக நீர்க்கக் கலக்கி இரண்டு டம்ளரில் ஊற்றினேன். ஒன்றில் என் குழாயிலிருந்து சில சொட்டு, இன்னொன்றில் அப்பாவின் எச்சில். பத்து நிமிடம் கழித்து இரண்டிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு எடுத்து வெள்ளைப் பீங்கான் தட்டில் விட்டு, மேலே அயோடின் சொட்டினேன். மாவுச்சத்து இருந்தால் கருநீலம் வரும். வெட்டுப்பட்டிருந்தால் நீலம் வராது. என் சொட்டு மை மாதிரி நீலமாக நின்றது. அப்பாவின் எச்சில் விட்டதில் டிங்சரின் மஞ்சள் மட்டும்தான்.

"அஞ்சு மாசம் கஷ்டப்பட்டு எடுத்தது, என் எச்சிலுக்குக் காணாதாக்கும்!" என்று அப்பா சிரித்தார். நானும் அழுகையோடு சிரித்துவிட்டேன்.

பிறகு விளக்கினேன். குளிர்ப் பிரதேச பாக்டீரியாவின் மேல்தோல் கொழுப்பால் ஆனது. குளிரில் அது உறைந்துவிடாமல் இருக்க வேறு வகைக் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும் என்று ஆரம்பித்ததுமே அவர் கையை உயர்த்திவிட்டார். "தேங்காய் எண்ணெய் உறையும், நல்லெண்ணெய் உறையாது. அதானே? இதை எண்ணெய்க் கடைக்காரன்கிட்ட வந்து சொல்றியா?" அதேதான். ஒரு வகுப்பு முழுக்க நாங்கள் படம் போட்டு விளக்குவதை ஒரு வரியில் முடித்துவிட்டார்.

நொதிக்குத்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருந்தது. நொதி என்பது ஒரு நீளமான சங்கிலி, பந்தாகச் சுருண்டு கிடப்பது. வேலை செய்யும்போது அது கொஞ்சம் அசைய வேண்டும், வாயைத் திறந்து மூட வேண்டும். குளிரில் எல்லாமே விறைக்கும். அதனால் குளிர் நாட்டு நொதிகள் கட்டைத் தளர்த்தி வைத்திருக்கின்றன. பந்தை உள்ளே இழுத்துப் பிடிக்கிற உப்புப் பாலங்கள் குறைவு. சங்கிலியை விறைப்பாக்கும் புரோலின் போன்ற கண்ணிகளும் குறைவு. அப்பா கடையில் இருந்த பருப்பு மூட்டையைக் காட்டினார். "சாக்குத் தையல் மாதிரின்னு சொல்லு. நெருக்கித் தைச்சா லாரில எத்தனை தடவை ஏத்தி இறக்கினாலும் தாங்கும், ஆனா உள்ள கைவிட்டு அள்ள முடியாது. விட்டு விட்டுத் தைச்சா சட்டுனு அள்ளலாம், ரெண்டு உலுக்கு உலுக்கினா பிரிஞ்சுரும்." கோணி ஊசி பிடித்த கை அது. நான் இன்றுவரை மாணவர்களுக்கு அதைத்தான் சொல்கிறேன்.

இதில் உலகறிந்த உதாரணம் பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜஸ் ஃபெல்லர், சார்லஸ் ஜெர்டே குழுவினர் ஆராய்ந்த அமைலேஸ். அண்டார்டிகாவில் பிரான்சின் டூமோன் டூர்வில் நிலையப் பகுதிக் கடலில் கிடைத்த பாக்டீரியாவினுடையது. பன்றிக் கணையத்தின் அமைலேஸும் அதுவும் அமைப்பில் ஒன்றுவிட்ட சகோதரர்கள் மாதிரி. 10 டிகிரியில் அண்டார்டிகாக்காரர் பன்றியைப்போல மூன்று மடங்கு வேகம். ஆனால் பன்றியுடையது 66 டிகிரி சுமாரில்தான் கட்டவிழும். இது 44 டிகிரியிலேயே போய்விடும். அதுவும் முழுசாக அவிழ்வதற்கு முன்பே, வேலை செய்யும் வாய்ப்பகுதி முதலில் செயலிழந்துவிடும். 44 டிகிரி என்றால் எனக்கு நாக்பூர் ஞாபகம் வரும்.

அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். உள்ளே தூங்குகிற பேத்தியைப் பார்த்தார். "அப்ப நம்ம பாப்பாவும் அப்படித்தான்னு சொல்லு. குளிர்ல வளர்ந்த பிள்ளை. இந்த ஊரு இனி அதுக்கு ஒத்துவராது."

"ஆமாப்பா, அப்படித்தான்" என்றேன்.

களைத்துப்போயிருந்தேன், பயந்திருந்தேன், உவமை வேறு கச்சிதமாக இருந்தது. சொல்லிவிட்டேன். அந்த "ஆமா" எங்கள் வீட்டில் சட்டமாகிவிட்டது. அதற்குப் பிறகு மகளை ஊருக்குக் கூட்டிப்போனது டிசம்பரில் மட்டும். பராசக்தி மாரியம்மன் கோவில் பங்குனிப் பொங்கலை அவள் பார்த்ததே இல்லை. சித்தி மகன் கல்யாணம், மாமா மகள் கல்யாணம் எல்லாம் வைகாசியில் வந்தன, அவள் போகவில்லை. அப்பாவும் தன் பங்குக்கு 2010 ஜனவரியில் இங்கே வந்து, ஒன்பதாம் நாள் "ரயிலேத்தி விட்ரு தாயி" என்று கிளம்பிவிட்டார்.

2024 மே மாதம் அம்மா தவறிப்போனார். நான் மட்டும் விமானத்தில் மதுரைக்கு ஓடினேன். மகளுக்கு 21 வயது. கிளம்பி வாசலில் நின்றவளை "இந்த வெயில்ல நீ வேண்டாம்" என்று சொல்லித் தடுத்துவிட்டேன். ஆச்சி முகத்தை அவள் கடைசியாகப் பார்த்தது போன் திரையில்.

அதைப் பற்றி அவள் என்னிடம் எட்டு மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை. 2025 ஜனவரியில் ஒருநாள் ராத்திரி, சப்பாத்தி போட்டுக்கொண்டிருக்கும்போது, தாத்தா வீட்டில் போய் இருக்கப் போவதாகச் சொன்னாள். சண்டிகரில் பி.காம் முடித்திருந்தாள். கணக்கு வேலை, லேப்டாப் இருந்தால் எங்கிருந்தும் பார்க்கலாம். "தாத்தா தனியா இருக்கார். நீங்க ரெண்டு பேரும் போகப் போறதில்ல. நான் போறேன்."

நான் வழக்கமான பிரசங்கத்தை எடுத்தேன். நாக்பூர், டிரிப்ஸ், தளர்ந்த தையல், 44 டிகிரி. ஆயிரம் தடவை கேட்டவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள். "அம்மா, அந்த என்சைமால தாங்க முடியாதா? இல்ல, தாங்கணும்னு அதுக்கு யாருமே வேலை வைக்கலையா?"

எனக்கு வாயடைத்துப்போனது. கேள்வி புதிது என்பதால் இல்லை. பதில் எனக்குத் தெரியும் என்பதால். பல வருடங்களாகத் தெரியும்.

எங்கள் துறையில் நீண்ட காலம் இருந்த எண்ணம் அப்பாவின் சாக்கு உவமைதான்: குளிரில் வேகம் வேண்டுமென்றால் சூட்டில் பலவீனம் அதற்குக் கொடுக்கிற விலை. லியேஜ் குழு அண்டார்டிக் அமைலேஸில் பன்றியின் கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தபோதும் அப்படித்தான் தெரிந்தது. பலம் கூடக்கூடக் குளிரில் வேகம் குறைந்தது. ஆனால் 2000ஆம் வருடம் அமெரிக்காவில் ஃபிரான்சஸ் ஆர்னால்ட் குழு வேறு மாதிரி செய்து பார்த்தது. ஆமாம், பிறகு 2018இல் வேதியியல் நோபல் வாங்கியவர்தான். அவர்கள் எடுத்தது அண்டார்டிகா பேசில்லஸ் ஒன்றின் சப்டிலிசின், புரதத்தை வெட்டும் நொதி. எங்கே எதை மாற்றுவது என்று யோசிக்காமல், கண்டபடி மாற்றங்களைத் தூவி, வந்ததில் நல்லதைப் பொறுக்கி, அதில் மறுபடி தூவி, மறுபடி பொறுக்கினார்கள். பொறுக்கும்போது இரண்டையும் கேட்டார்கள்: சூட்டையும் தாங்க வேண்டும், வேகமும் குறையக் கூடாது. கடைசியில் ஏழே ஏழு கண்ணிகள் மாறிய ஒரு வகை கிடைத்தது. 60 டிகிரியில் அதன் ஆயுள் பழையதைப்போல ஏறக்குறைய 500 மடங்கு. குளிரில் வேகம் குறைந்ததா என்றால், இல்லை. 10 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை செயல்திறன் பழையதைப்போல மூன்று மடங்கு.

அதாவது, பலவீனம் எப்போதும் குளிருக்குக் கொடுத்த விலை அல்ல. பனிக்கடலில் யாரும் 50 டிகிரியைக் காட்டிப் பயமுறுத்தவில்லை, அதனால் அந்தப் பலத்தைக் காப்பாற்றி வைக்க வேண்டிய அவசியம் வரவில்லை. உபயோகப்படாத தையல் ஒவ்வொன்றாக அவிழ்ந்துபோயிருக்கலாம்.

இதற்கு ஆய்வகம்வரைகூடப் போக வேண்டாம். பாலை ஃப்ரிட்ஜில் வைத்தாலும் கெடுக்கிற சூடோமோனாஸ் பாக்டீரியா குளிரில் தாராளமாக வளரும். ஆனால் அது சுரக்கும் சில நொதிகள், அட்டைப்பெட்டிப் பாலை 135, 140 டிகிரியில் சில நொடி காய்ச்சுகிறார்களே, அதையும் தாண்டிப் பிழைத்திருக்கும். பாக்டீரியா செத்துப்போகும், நொதி சாகாது. மாதக்கணக்கில் வைத்த அட்டைப்பெட்டிப் பால் சில சமயம் கசப்பது அதனால்தான். அண்டார்டிகாவின் வாண்டா ஏரியிலிருந்து எடுத்த ஒரு ஈஸ்ட் உண்டு. அதன் லைபேஸ் நொதியை 60 டிகிரிக்கு மேலும் வைத்துத் தொழிற்சாலைகளில் வேலை வாங்குகிறார்கள். (அந்த ஏரி ஒரு விசித்திரம். மேலே ஐஸ் மூடியிருக்க, அடித்தண்ணீர் 25 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பாக இருக்கும். பிறந்த ஊரை வைத்து யாரையும் எடை போடக் கூடாது என்பதற்கு அதைவிட நல்ல ஏரி கிடைக்காது.)

அப்படியானால் 2006இல் அப்பாவிடம் இதை ஏன் சொல்லவில்லை? ஆர்னால்ட் கட்டுரையை அதற்கு முன்பே படித்திருந்தேன். பாதிதான் சொன்னேன். எனக்கு அப்போது தேவைப்பட்டது பாதிதான். ஊரை விட்டு வந்தது தப்போ என்ற கேள்வி எந்நேரமும் மண்டையில் ஓடிக்கொண்டிருந்த காலம். "திரும்பிப் போக முடியாது, பிள்ளைக்கு ஒத்துவராது" என்று சொல்ல ஒரு காரணம் கிடைத்ததும் பிடித்துக்கொண்டேன்.

தவிர, மகள் நொதியும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை. மனித உடம்பு எங்கே இருந்தாலும் உள்ளே 37 டிகிரிதான். புது வெயிலுக்கு உடம்பு பழகப் பத்துப் பதினைந்து நாள் போதும். வியர்வை சீக்கிரமே சுரக்க ஆரம்பிக்கும், நிறையச் சுரக்கும், அதில் உப்பும் குறையும். அன்று ரயிலில் துவண்டது குளிரில் வளர்ந்த பிள்ளை என்பதால் அல்ல. மூன்று வயதுப் பிள்ளை, 33 மணி நேரப் பயணம், குடிக்கக் கொடுத்த தண்ணீர் போதவில்லை. விருதுநகர்ப் பிள்ளையாக இருந்தாலும் துவண்டிருக்கும். அதை ஏற்றுக்கொண்டால் தப்பு ஊர்மேல் இல்லை, என்மேல். அதனால் 19 வருடம் ஏற்றுக்கொள்ளவில்லை.

மார்ச்சில் கிளம்பினாள். விமானம் வேண்டாமாம், அதே தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் வேண்டுமாம். ரங்கமணிதான் டெல்லி போய் ஏற்றிவிட்டார். எனக்குத் தைரியமில்லை. நாக்பூர் தாண்டியதும் செய்தி அனுப்பினாள்: "கழிப்பறைக்குக் கீழே உன் ஆளுங்க இருக்காங்களாம்மா?" ரயில் பெட்டிகளின் பயோ டாய்லெட்டைச் சொல்கிறாள். அந்தத் தொட்டிக்கான பாக்டீரியாக் கலவையைக் குவாலியரில் இருக்கும் டி.ஆர்.டி.ஓ. ஆய்வகம் உருவாக்கியது. முதலில் மனதில் வைத்தது சியாச்சின் மாதிரி இடங்களில் இருக்கும் ராணுவ வீரர்களை. பனியில் கழிவு மக்கவே மக்காது. அதனால் குளிரிலும் வேலை செய்யும் பாக்டீரியாக்களைத் தேடிச் சேர்த்தார்கள். பிறகு அதையே வெயில் ஊர்களைத் தாண்டி ஓடும் ரயிலுக்கும் கொண்டுவந்தார்கள். எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் 2006இல் அதே வண்டியில் தண்டவாளம் தெரிகிற ஓட்டைக்கு மேலே மகளைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு இது பெரிய விஷயம்.

மே மாதம் அம்மாவின் தலைத்திவசத்துக்கு நாங்கள் இருவரும் போனோம். மதுரை விமான நிலைய வாசலில் மகள் நின்றிருந்தாள். கறுத்திருந்தாள், கொஞ்சம் இளைத்திருந்தாள். பருத்திச் சேலை, ஆச்சியுடையது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "வெயில் கம்மிதான் இன்னைக்கு" என்றாள். 40 டிகிரி.

திவசம் முடிந்த மறுநாள் அப்பாவிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். 2006இல் சொன்னது பாதி என்பதையும் சொன்னேன். 79 வயது, காது கொஞ்சம் மந்தம். ஏழு கண்ணி மாற்றின கதையை இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. "அப்ப உங்கம்மாவைப் பார்க்கப் பிள்ளையை விட்டிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் மகள் வந்து, "அந்தக் குழாயைக் கொண்டுவந்தியாம்மா?" என்றாள். போனிலேயே சொல்லியிருந்தாள். இந்த முறை ஜெல் பொதி வைத்து ஒழுங்காக எடுத்துப் போயிருந்தேன். அதே பாக்டீரியாவின் நொதிதான், புதிதாக எடுத்தது. கஞ்சி வடித்தாள். அயோடின் இருந்தது. பீங்கான் தட்டு அதே பழைய தட்டு. ஆனால் இந்தத் தடவை கஞ்சி டம்ளர் இரண்டையும் ஒரு பாத்திரம் ஐஸ் தண்ணீருக்குள் இறக்கி, நன்றாகச் சில்லிட்ட பிறகுதான் என் நொதியை ஒன்றிலும் தாத்தாவின் எச்சிலை இன்னொன்றிலும் விட்டாள். தாத்தா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்.

பத்து நிமிடம். ஒவ்வொரு சொட்டு, மேலே அயோடின். என் பக்கம் மஞ்சளாக இருந்தது. தாத்தா பக்கம் கருநீலம்.

"தாத்தா, தோத்துட்டீங்க!" என்று கைதட்டினாள்.

அப்பா தட்டைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "ஐஸ்ல போட்டு எவன் சாப்பிடுவான்? வெளிய எடுத்து வச்சுட்டுப் போடச் சொல்லு, மறுபடியும் பாப்போம்."

அவள் டம்ளர்களை எடுத்து வெயில்படும் ஜன்னல் திட்டில் வைத்தாள்.